திரைக்கு முன்னால் ஓர் ஆள்

பாய் போன் செய்தபோது சாப்பிட்ட ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரில் ஒரு நிக்காஹ், முடிந்ததும் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்.

"அந்தப் பொட்டி உசுரோட இருக்குதா?"

"இருக்குது பாய். திரை எரியல."

"அப்ப டீ குடிச்சிட்டுக் கெளம்ப வேண்டியதுதான். வண்டில புள்ளைங்க காத்துனு இருக்கும்."

மதகடிப்பட்டில் நானும் அவரும் சேர்ந்து வீடியோ கேம் கடை வைத்திருந்தோம். கடையை மூடியபோது ஒரு கேம் பெட்டி மட்டும் என் முன்னறைக்கு வந்தது. பிறகு அவர் மகனோடு வேலூருக்குப் போய்விட்டார். பெட்டி ஓடினால் அவர் ஆடாமல் எழுந்திருக்க மாட்டார். ஒரு மணி நேரமாவது வீட்டில் இன்னொருவர் குரல் கேட்கும். அதற்காகத்தான் பின்பலகையைக் கழற்றினேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை ரெசிஸ்டர் வைத்து வடித்தேன். பியூஸ் கண்ணாடி உள்ளே கருத்திருந்தது. கம்பி சும்மா அறுந்திருந்தால் கருக்காது, எங்கோ ஷார்ட். அப்படியே புது பியூஸ் போட்டால் அதுவும் போகும். இதற்கு எங்கள் கடையில் ஒரு வழி உண்டு. மின்சாரம் பெட்டிக்குப் போகும் வழியில் ஒரு குண்டு பல்பைக் கோப்போம். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டி தப்பிக்கும்.

மதகடிப்பட்டில் பல்பு கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார். "குண்டு பல்பா? இன்னா சார், கோழிக்குஞ்சு வளக்குறீங்களா?" பரணிலிருந்து ஒன்றைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார்.

புது பியூஸ் போட்டு, வழியில் பல்பைக் கோத்து ஸ்விட்சைப் போட்டேன். பல்பு முழுதாக எரிந்தது. திரையின் பெரிய டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் அதே வெளிச்சம். ஆகவே கோளாறு பவர் சப்ளையிலேயே. ஒரு பக்கம் மட்டுமே மின்சாரம் விடவேண்டிய அதன் நான்கு டயோடுகளில் ஒன்றில் மீட்டரை எப்படித் திருப்பி வைத்தாலும் கூவியது. அதையும், தலை உப்பியிருந்த கெப்பாசிட்டரையும் மாற்றினேன். டிரான்சிஸ்டரைத் திரும்பப் பொருத்தி ஸ்விட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. அந்த மங்கல்தான் நல்ல செய்தி. பல்பை விலக்கி நேராக மின்சாரம் கொடுத்தேன்.

பின்னால் நின்று வேலை செய்பவனுக்குத் திரை தெரியாது. கடையில் பாய் முன்னால் நின்று படம் எப்படி வருகிறது என்று சொல்லுவார். இப்போது உள்ளறையிலிருந்த நிலைக்கண்ணாடியைக் கொண்டுவந்து எதிரே சாய்த்து வைத்திருந்தேன். அதில் படம் வந்தது, எழுத்துகள் இடவலம் மாறி. சற்றுக் கீழே தொங்கியது. அதைத் தூக்கும் திருகு கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. கண்ணாடியைப் பார்த்தே சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. பின்பலகையையும் மூடவில்லை.

ஞாயிறு மதியம் பாய் வந்தார். மூக்குக்கண்ணாடி முன்பைவிடத் தடித்திருந்தது. டீயைத் தொடாமல் பெட்டியின் முன் போய் நின்றார்.

"இன்னாபா, படம் தொங்குது? இதுக்கு ஒரு நெலக்கண்ணாடி வேற! அத்த எடு மொதல்ல. நான் எதுக்கு இருக்கிறேன்? பின்னாடி போ."

போனேன்.

"ஏத்து... இன்னும் ஏத்து... யோவ், தூங்கிட்டியா? கொஞ்சம் எறக்கு... ஆங், நிறுத்து! பிரமாதம்."

உட்கார்ந்தார். ஆடினார். தோற்றதற்கெல்லாம் பட்டனைத் திட்டினார். "பட்டன் இன்னா பண்ணும் பாய், கை அப்படி" என்றேன். வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. கையசைத்துவிட்டு இன்னொரு ஆட்டம் போட்டார். மறுபடி ஹாரன் அடித்ததும் எழுந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

வண்டி போனபின் வந்து திரையைப் பார்த்தேன். படம் அளவுக்கு மேல் ஏறியிருந்தது. மேல் வரிசையில் எண்களின் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

திருகைத் தொடாமல் பின்பலகையை மூடினேன். நிலைக்கண்ணாடியை உள்ளறைக்குக் கொண்டுபோய் வைத்தேன்.