மகளோடு பேசப் பழகியது

மகளுக்கு ஒன்றரை வயது முடிந்தும் ஒரு சொல்கூட வரவில்லை. வேண்டியதை விரலால் காட்டுவாள்; கிடைக்காவிட்டால் அழுவாள். மனைவிக்குப் புதுக்கோட்டையில் அலுவலக வேலை. காலையில் பஸ் ஏறினால் திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும். ஆலங்குடிப் பக்கம் இருக்கிற எங்கள் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு பகலெல்லாம் பிள்ளையை வைத்திருந்தது நான்தான். எனக்குப் பேச்சு குறைவு. சோறு ஊட்ட உட்கார்ந்தால் போனில் ஏதாவது பாட்டைப் போட்டுவிடுவேன். அவள் வாய் தானாகத் திறக்கும்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா காதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "நல்லாக் கேக்குது. பகல்ல இவகூட யாரு பேசுறது?" என்று கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தபடி, போனில் பாட்டுப் போட்டுச் சோறு ஊட்டுவதைச் சொன்னேன்.

"போனை எடுத்து வச்சிருங்க. என்ன வேலை செஞ்சாலும் அவகிட்டச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. சொன்னதும் அவ முகத்தைப் பாத்துக் கொஞ்சம் காத்திருங்க" என்றார்.

முதல் சில நாட்கள் கூச்சமாக இருந்தது. "ஆத்தா, அப்பா மோட்டார் போடப் போறேன்" என்று சொன்னால் என் குரல் யாருடையதோ போலக் கேட்டது. வேலிக்கு அங்கிட்டு மாடு கட்டிக்கொண்டிருந்த பக்கத்துத் தோப்புக்காரர் எட்டிப் பார்த்தார்.

"போன்ல யாரு மாப்ள?"

"போன் இல்ல மாமா. பிள்ளைகிட்டப் பேசுறேன்."

"அது என்ன சொல்லுது?"

"இன்னும் ஒண்ணும் சொல்லலை."

சொல்ல விஷயம் தீர்ந்துபோய், தென்னை ஓலையில் வெள்ளை ஈ விழுந்த கவலையைக்கூட அவளிடம் சொன்னேன். பெரிய மனுஷி மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் முற்பகலில் கன்றுகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. குழாய் சொட்டி நின்றது. மகள் குனிந்து அதன் வாயைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் விரித்து, "இல்ல" என்றாள்.

"ஆமாத்தா. தண்ணி இல்ல" என்றேன்.

உடனே மனைவிக்குப் போன் செய்தேன். "மறுபடி சொல்லச் சொல்லுங்க, நான் கேக்கணும்" என்றாள். எவ்வளவு கெஞ்சியும் பிள்ளை சொல்லவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் அவளே கேட்டுப் பார்த்தாள். பிள்ளை என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

தினமும் பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கி வருவாள். அன்று பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மறந்திருக்கிறாள். வீட்டுக்குள் வந்ததும் மகள் வழக்கம்போலக் கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்து, கையை விரித்தாள்.

"இல்ல."

மனைவி சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு ரெண்டு வாங்கிட்டு வாரேன்டி" என்று அவளை வாரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது மகளுக்கு மூன்று வயது ஆகப் போகிறது. பைக் டேங்க் மேல் உட்கார்ந்தால் தோப்பு வரைக்கும் ஏன், எதுக்கு என்று கேள்விதான். எனக்கும் பதில் சொல்லப் பழகிவிட்டது. சாயங்காலம் மனைவி பஸ்ஸை விட்டு இறங்கினால் அன்றைக்கு நடந்ததைச் சொல்ல இருவரும் முந்துகிறோம்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்கிறாள் அவள்.