பிலார் அக்காவிடம் நான் சொன்ன ஊர்ப் பொய்

பிலார் அக்கா போய்விட்டார். காலையில் அவருடைய மகள் மெசேஜ் போட்டிருந்தாள்... ஆனால் அவரை நினைத்தால் சிரிப்புத்தான் முந்திக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் கடைசி. லண்டனில் ஒரு ஹோட்டலில் நான் ரூம் கிளீனிங். அக்கா எங்கள் சூப்பர்வைசர். ஸ்பெயினில் காதிஸ் என்ற கடற்கரை ஊர்க்காரி.

எங்களை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஊரைக் கேட்டு, ஊர்க்காரிக்கு ஸ்பானிஷில் என்ன சொல்லோ அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார். லீமாவில் இருந்து வந்தவள் 'லிமேன்யா'. மத்ரித்காரி 'மத்ரிலேன்யா'. தன்னை 'காதித்தானா' என்று நெஞ்சில் தட்டிச் சொல்வார், என்ன ஒரு பெருமை!

நான் கொழும்பு என்றேன். பச்சைப் பொய். பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணம். அகதிக் கேஸ் முடியாத நேரம்... லண்டனிலேயே எட்மண்டன் பக்கம் இருந்த மச்சாள் சொல்லி விட்டிருந்தா, "ஊரைச் சொல்லாதை, வீண் கேள்வி வரும்."

அதனால் இரண்டு வருடம் நான் 'கொலொம்பேன்யா'. லிஃப்ட் வாசலில் நின்று அவர் கூப்பிடும்போதெல்லாம் சுருக்கென்று இருக்கும்.

அப்போது ஊரில் சண்டை, அங்கிருந்த தம்பியிடமிருந்து ஏழு மாதமாகக் கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாது.

ஒருநாள் டீ டைமில் அக்கா சும்மா ஒரு கதையாகச் சொல்கிறார். அன்று காலை யாரோ ஒரு பெடியன் ஹோட்டல் போனில், யாழ்ப்பாணத்து பேபி இருக்கிறாளா என்று கேட்டானாம். அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை என்று வைத்துவிட்டாராம்.

பேபி என் வீட்டுப் பெயர். வேலையில் நான் செல்வராணி. ஹோட்டல் நம்பரோடு அதையும் கடிதத்தில் எழுதியிருந்தேன், என் மடையன் தம்பிக்கு அது நினைவில்லை...

தரையிலேயே இருந்துவிட்டேன். அழுது அழுது எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் முகம் வெளிறிவிட்டது. இத்தனை நாளும் வேறு யாருடைய ஊராலோ கூப்பிட விட்டாயே என்று ஏசினார். ஏசிக்கொண்டே என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

என் அறைகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவன் திரும்ப எடுப்பான் என்று போனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். மனேஜர் வந்து முறைத்தும் எழும்பவில்லை.

நாலு மணிக்கு போன் அடித்தது. நான் பாத்ரூமில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். ஹோட்டல் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம்.

"ஹஃப்னேன்யா!"

ஜாஃப்னா அவர் வாயில் ஹஃப்னா. யாழ்ப்பாணத்துக்காரி. நான்தான்! ஈரக் கையோடு ஓடினேன்.

"அக்கா, மெட்ராசுக்கு வந்திட்டன். பயப்பிடாதை."

இதை டைப் பண்ணும்போதும் எழும்பித் துள்ள வேண்டும் போல இருக்கிறது.

தம்பி இப்போது இங்கே லண்டனில், சட்டன் பக்கம் இருக்கிறான். அவனுக்குச் செய்தி சொன்னேன். மெல்லச் சொன்னான்.

"ஏழு மாசத்துக்குப் பிறகு என்ர குரலை முதல் கேட்டது அந்த மனுசிதான் அக்கா."

வெள்ளிக்கிழமை சர்ச்சில் உங்கட பூசைக்கு ரெண்டு பேரும் வாறம், பிலார் அக்கா.