சில்விக்கு நாற்பது வார்த்தை

ஷெர்பூர்க் துறைமுகத்தில் கொலெத் மோஜேயைத் தெரியாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் சூப் ஊற்றிய கை அது. அவள் கணவன் ரெமி, நாட்டின் முதல் அணுசக்தி ஏவுகணை நீர்மூழ்கிக் கப்பலான ரெதூத்தாபிளில் ரொட்டி சுடுபவனாக இருந்தான். இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். ஒரே ஒரு பேச்சை மட்டும் இருபத்தெட்டு வருடமாக எடுத்ததில்லை.

அது சில்வியின் பேச்சு.

ரெமி கடலுக்கடியில் இருந்த இருபதாம் நாள், மூளைக்காய்ச்சலில் மூன்று வயது மகள் போய்விட்டாள். வாரத்துக்கு ஒருமுறை, நாற்பது வார்த்தைக்குள் மனைவியர் செய்தி அனுப்பலாம். அதில் கெட்ட செய்தி இருந்தால் கடற்படை அனுப்பாது. "சில்வி பெயர் இல்லாமல் ஒரு செய்தி போனால் அவர் பதறிவிடுவார், மேடம்" என்றார் தளத்து அதிகாரி. கொலெத் எழுதினாள். சில்வி புதுப் பாட்டு கற்றாள். சில்விக்குச் செருப்பு சிறிதாகிவிட்டது. இறந்த குழந்தையை ஐந்து வாரம் காகிதத்தில் வளர்த்தாள் அந்தத் தாய்.

ரெமி திரும்பி வந்தான், சில்விக்கென்று ரொட்டி மாவில் சுட்ட வாத்துப் பொம்மை ஒன்றோடு. கல்லறையில் நின்று அவளிடம் ஒரே வார்த்தை சொன்னான்: "பொய்க்காரி." அதன்பின் அந்த வார்த்தைதான் அவர்கள் வீட்டில் மூன்றாவது ஆளாக வசித்தது.

ஓய்வுபெற்ற கப்பலை தண்ணீர் வடித்த கப்பல்துறைத் தொட்டியில் நிறுத்தி, அருங்காட்சியகமாக்கித் திறந்த வருடம், பழைய மாலுமிகளுக்கு அழைப்பு வந்தது. ரெமி வரமாட்டேன் என்றான்.

"நான் ஒருதடவையாவது பாக்கணும். நான் எழுதினதை நீ எந்த இடத்துல உக்காந்து படிச்சன்னு எனக்குக் காட்டு" என்றாள் கொலெத்.

வாசலில் வழிகாட்டியாக நின்றது ஈவோன், பழைய கூட்டாளி.

"அடேய் ரெமி! வயிறு பெருத்திருச்சே, கதவுக்குள்ள நுழைவியா? கொலெத், இவனைப் பின்னாலேருந்து தள்ளிவிடு!"

உள்ளே நடைபாதை ஒற்றையாள் அகலம். ஒரு வழியில் ஏறினால் மறுமுனையில்தான் இறங்கலாம். இவர்களுக்குப் பின்னால் இருபது பேர் வந்தார்கள். படுக்கைகளுக்கு எதிரே கண்ணாடிக்குள் ஒரு படிவம் இருந்தது. 'வீட்டில் துயரம் நேர்ந்தால் தெரிவிக்கவும் / திரும்பும்வரை தெரிவிக்க வேண்டாம்.' கீழே கையெழுத்துக்கு இடம்.

கொலெத் நின்றுவிட்டாள்.

"இது என்ன, ஈவோன்?"

"புறப்படறதுக்கு முன்னாடி எல்லாரும் நிரப்பணும். எங்க குழுவுல ஒருத்தன்கூட 'தெரிவிக்கவும்'னு குறி போடமாட்டான். போட்டா நாமளே கெட்டதை வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரின்னு ஒரு பயம். கேண்டீன்ல சிரிச்சுக்கிட்டே 'வேண்டாம்'ல குறி போட்டுத் தள்ளிருவோம். இல்லையாடா, ரெமி?"

ரெமி தொப்பியைக் கழற்றினான்.

"நீ எதுல போட்ட?" என்றாள் கொலெத்.

பின்னாலிருந்து ஒரு பருத்த ஆள் குரல் கொடுத்தான்: "கொஞ்சம் நகருங்க, மேடம்! என் தொப்பைக்கு இங்க ரிவர்ஸ் கியர் கிடையாது!"

சிலர் சிரித்தார்கள். அவள் அசையவில்லை.

"ரெமி, உன்னைத்தான் கேக்கறேன். எதுல போட்ட?"

"...வேண்டாம்ல."

ஈவோனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"தெரியவேண்டாம்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. அப்புறம் என்னைப் பொய்க்காரின்ன. கல்லறையில, அவ பெட்டி மேல மண்ணு ஈரம் காயறதுக்கு முன்னாடி!"

"எனக்குத் தெரியும் கொலெத். கல்லறையில நின்ன அன்னிக்கே தெரியும். அதைச் சொன்னா, நானே அவளைக் கொன்ன மாதிரி ஆயிடும்னு..."

"அதனால என்மேல போட்டுட்ட."

அவன் அவள் கையைத் தொட வந்தான். அவள் இழுத்துக்கொண்டாள். திரும்பிப் போக வழியில்லை. அவள் முன்னால் நடந்தாள், அவன் பின்னால். மின்னறை, இயந்திர அறை, இறங்கும் படிகள். அந்த நூறு காலடி தூரத்தில் அவள் அவனை எத்தனை முறை விட்டுப் பிரிந்தாளோ, யார் அறிவார்?

வெளியே வெயில். தொட்டியின் ஓரத்தில் ஒரு கல் திண்டு. கொலெத் போய்விடுவாள் என்றே ரெமி நினைத்தான். பேருந்து நிறுத்தம் எதிரிலேயே இருந்தது. பேருந்தும் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள். கதவு மூடி அது புறப்படும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு திண்டில் உட்கார்ந்தாள்.

"உக்காரு. உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காத. ஆனா சில்வி காய்ச்சல்ல கிடந்த அந்த அஞ்சு நாளை நான் ஒருத்திதான் சுமந்திருக்கேன். இனிமே முடியாது. இப்ப சொல்றேன், முழுசா கேளு. செவ்வாய்க்கிழமை, பால் வேண்டாம்னா. கழுத்து வலிக்குதுன்னா..."

அவள் சொல்லச் சொல்ல அவன் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியின் இரண்டாம் நாளுக்கு வந்தபோது தாங்க முடியாமல் கேட்டான்:

"ரொம்ப வலிச்சுதா அவளுக்கு?"

இருபத்தெட்டு வருடத்தில் சில்வியைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி. கொலெத் உடைந்து அழுதாள்.

"வலிச்சுது. அப்பா எங்கன்னு கேட்டா. தண்ணிக்கு அடியில ரொட்டி சுடறார்னு சொன்னேன். மீனுக்கான்னு கேட்டுச் சிரிச்சா, ரெமி."