பெடலுக்கு வைத்த சந்தனம்

சரோஜாதேவி எதையாவது கண்டு பயந்தால் சந்தனக் கிண்ணத்தைத் தேடுவாள். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கமிருந்து தி. நகருக்கு வந்த புதிதில் கேஸ் சிலிண்டர் அவளை நடுங்க வைத்தது. அதற்கு மூன்று பொட்டு வைத்த பிறகுதான் அடுப்பைப் பற்ற வைத்தாள். அப்புறம் ஸ்கூட்டர், லிஃப்ட் கதவு, மகன் அஸ்வினின் கம்ப்யூட்டர் என்று எதையும் விடவில்லை. கம்ப்யூட்டருக்கு வைத்ததில் கீபோர்டில் நான்கு எழுத்துகள் அழுந்திய பிறகு எழும்பவே இல்லை. அவன் ஒரு வாரம் வீட்டை ரெண்டாக்கினான். அப்போதே புத்தி வந்திருக்கலாம். வரவில்லை. நமக்கெல்லாம் மட்டும் வந்துவிடுகிறதா என்ன?

அவள் கணவர் நல்லசிவம் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஐம்பத்துநாலு வயதில் சர்க்கரை ஏறியது. டாக்டர் நடக்கச் சொன்னார். இவர் மோட்டார் பைக் விலைக்கு ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அடையாறில் ஒரு சைக்கிள் கூட்டத்தில் சேர்ந்து ஞாயிறு தோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டினார். அங்கே எல்லாருக்கும் ஷூ பெடலோடு பூட்டிக்கொள்ளும். இவர் ஒருவர்தான் சாதா பெடல், தோல் செருப்பு. ஒருநாள் ஒரு பையன், “அங்கிள், செருப்பு பறந்துடப் போவுது” என்று சொல்லிவிட்டான். மனுஷனுக்கு அன்று இட்லி இறங்கவில்லை.

மறுநாளே சரோஜாவையும் கூட்டிக்கொண்டு லஸ் பக்கம் உபைத்தின் சைக்கிள் கடைக்குப் போனார். உபைத் நாற்பது வயதுக்காரன், பாதி வியாபாரி, பாதி மெக்கானிக். மூன்று ஜோடி பெடல்களை மேஜையில் பரப்பினான்.

“இது சாதா. இது மலைக்கு. ஷூ அடியில சின்ன இரும்புத் துண்டு உள்ளடங்கி கீது பாருங்க. கல்லு, மண்ணு வந்தா எறங்கித் தள்ளலாம், நடக்கலாம். இது ரோடுக்கு. பெரிய பிளாஸ்டிக் துண்டு, ஷூவுக்கு வெளிய துருத்திக்கினு இருக்கும். நடந்தா வாத்து மாரிதான். ஆனா மெதிக்கிற மெதி அத்தனையும் சக்கரத்துக்குப் போவும். நீங்க ஆறு மாசம் சாதாவுல ஓட்டுங்க சார், அப்பால மலைக்கானது போட்டுக்கலாம்.”

முப்பது வருஷமாக அடுத்தவர்களுக்குச் சேலை தேர்ந்தெடுத்துக் கொடுத்தவருக்குத் தனக்கு எது ஒத்துவரும் என்பது தெரியவில்லை. ரோட்டு பெடலைத்தான் கையில் எடுத்தார்.

“கால் மாட்டிக்கிடுமாமே, எறங்கணும்னா அவுக என்ன செய்வாக?” என்று சரோஜா கேட்டாள்.

“குதிகாலை வெளிப்பக்கம் திருப்புனா கயண்டுக்கும்மா. ஸ்பிரிங்குதான் புடிச்சிருக்கும், ஸ்பிரிங்குதான் வுடும்.”

“நீ சும்மா இரு சரோஜா. நான் பாத்துக்கிடுதேன்” என்றார் நல்லசிவம்.

பார்த்துக்கொண்டவள் அவள்தான். இரண்டு வாரம் கார் நிறுத்துமிடத்தில் சைக்கிளின் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் காலை மாட்டியும் கழற்றியும் பழகினார். மாட்டும்போது ‘டக்’. கழலும்போது இன்னொரு ‘டக்’. அந்தச் சத்தம் அவளுக்குப் பாடமாகிவிட்டது. விடிகாலையில் கேட்டருகே நின்று இரண்டு காலுக்கும் டக் கேட்ட பிறகே உள்ளே போய்ப் பாலைக் காய்ச்சுவாள். ஆனால் பயம் மட்டும் போகவில்லை. மனுஷனின் காலை ஓடுகிற சாமானோடு கட்டிவிட்டால் அது எப்படி நல்லதாகும்?

ஆயுத பூஜை வந்தது. மிக்ஸிக்கும் தையல் மெஷினுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். சைக்கிளிடம் வந்ததும் கை நிற்கவில்லை. பிடிப்பது ஸ்பிரிங், விடுவதும் ஸ்பிரிங் என்று உபைத் சொன்னது நினைவிருந்தது. சாமியின் காவல் வேண்டிய இடம் அதுதானே? மஞ்சளும் சேர்த்துக் கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை இரண்டு பெடலின் ஸ்பிரிங்குக்குள்ளும் விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தாள். மேலே குங்குமம். ‘முருகா, காலை விட்டுரு’ என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டாள். ராத்திரி முழுக்க ஃபேன் காற்றில் அது மேலாகக் காய்ந்தது.

விஜயதசமி விடிகாலை. நல்லசிவம் கேட்டுக்கு வெளியே சைக்கிளில் ஏறினார். மிதித்தார். டக் வரவில்லை. மறுபடி மிதித்தார். மூன்றாவது முறை முழு உடம்பையும் போட்டு மிதித்ததும், ஈர மண்ணில் கால் பதிகிற மாதிரி ஒரு மந்தச் சத்தம் வந்தது. அடுத்த காலுக்கும் அதே.

“நேத்து மழைல மண்ணு போயிருக்கும். ஓட ஓடச் சரியாயிரும்” என்றார் அவர்.

மண் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் விரல் போன இடம் அவளுக்குத் தெரியாதா? ‘ஒரு நிமிசம், துடைச்சுத் தாரேன்’ என்பது நாக்கு வரைக்கும் வந்தது. பூஜையில் வைத்த சந்தனத்தை மறுநாளே துடைப்பதா? வாசல் தாண்டிக் கிளம்பிவிட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிடுவதா? பிறந்ததிலிருந்து இரண்டையும் செய்யாதவள். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருடைய சிவப்பு விளக்கு தெருமுனையில் திரும்பியது.

அன்று பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டேதான் நின்றாள். ஐந்தரைக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டார்தான். ஆறு மணிக்கு மறுபடி செய்தாள். வேறு யாரோ எடுத்தார்கள்.

அடையாறு சிக்னலில் சிவப்பு விழுந்திருக்கிறது. நின்றவர் வழக்கம்போல் வலது காலைத் திருப்பியிருக்கிறார். கால் வரவில்லை. நின்ற சைக்கிளோடு அப்படியே வலப்பக்கம் சாய்ந்து, வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரியின் முன்னால் விழுந்திருக்கிறார். டிரைவர் போட்ட பிரேக்கில் டயர் நின்றபோது அவர் தலைக்கும் அதற்கும் ஒரு முழம் இருந்ததாம். இடுப்பெலும்பு முறிந்தது. காலைப் பெடலிலிருந்து எடுக்க முடியாமல், ஷூவின் பட்டையை அவிழ்த்துத்தான் ஆளை உருவினார்கள்.

மூன்றாம் நாள் உபைத் சைக்கிளைக் கொண்டுவந்தான். வலது ஷூ இன்னும் பெடலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் செய்தித்தாளை விரித்து, ஷூவைப் பிடுங்கி, ஸ்பிரிங்கை ஸ்க்ரூடிரைவரால் நோண்டினான். மஞ்சளாக ஒரு கட்டி விழுந்தது. செங்கல் துண்டு போலக் கெட்டி. ஸ்பிரிங்கின் வரிகள் அதில் அப்படியே பதிந்திருந்தன, ஓரத்தில் குங்குமச் சிவப்பு. உபைத் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“மழைச் சேறும்மா. வேற ஒண்ணுமில்ல. சார்கிட்ட அப்டியே சொல்லிட்றேன்” என்று காகிதத்தைச் சுருட்டினான்.

சரோஜா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். பூஜை அலமாரியில் கற்பூர டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

ஆஸ்பத்திரியிலும் பிறகு வீட்டிலும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நல்லசிவம் ஒரே கதையைச் சொன்னார். “மழைச் சேறு காலை வாரிட்டு. ஆனா முந்தின நாள் இவ சந்தனம் வச்சால்லா? அதுதான் லாரியை நிறுத்திச்சு.” கேட்டவர்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவள் காபி கொடுத்தாள். ஒவ்வொரு கும்பிடுக்கும் அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பங்குனியில் டாக்டர் சைக்கிளுக்குச் சம்மதித்தார். உபைத் புது பெடலோடு வந்தான். அதே ரோட்டு பெடல், அவர் பிடிவாதம். பூட்டி முடித்ததும் நல்லசிவம் உற்சாகமாகக் குரல் கொடுத்தார்.

“சரோஜா, சந்தனம் கொண்டா! போன தடவை வச்ச மாதிரியே நல்லாத் தாராளமா வையி.”

உபைத் ஸ்பேனரைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் அலமாரியைத் திறந்து கற்பூர டப்பாவை நகர்த்தினாள். பிறகு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துவந்து, பிரித்து, அந்தக் கட்டியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“லாரியை நிறுத்தினது இது இல்லீங்க. உங்க காலைப் பிடிச்சது இது. அன்னைக்கு வாசல்லயே எனக்குத் தெரியும். கூப்பிடலை.”

நல்லசிவம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பிரிங்கின் வரிகளைக் கட்டைவிரலால் தடவினார். அவளை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“உபைத்,” என்றார் கடைசியில், “இதைக் கழட்டிட்டுச் சாதா பெடலே போடுப்பா.”

அன்று சைக்கிளுக்கு யாரும் சந்தனம் வைக்கவில்லை. மறுநாள் விடிகாலையில் அவர் தானே கேட்டைத் திறந்துகொண்டு போனார். அவள் அடுக்களையில் நின்றபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சாதா பெடலில் எந்தச் சத்தமும் வரவில்லை.