பத்திரிகை வைத்த பெண்கள்

நான் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தபோது செய்த ஒரு காரியத்தை உங்களிடம் சொன்னதே இல்லை. என் பிள்ளைகள் நீங்கள் இருவரும் பழனிசெட்டிபட்டியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. நான் படித்தது எட்டாம் வகுப்பு. வருகிற மாதிரி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பிரிவில் வேலை செய்தவர்கள் எல்லாரும் கல்யாணமாகாத பெண்பிள்ளைகள். ஒருத்திக்குக் கல்யாணம் கூடினால் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையையும் வைத்து, மிசின் பக்கத்திலேயே எனக்கு நீட்டுவாள். வாங்கிக்கொள்வேன். அன்றைக்கே ஆள் பதிவேட்டில் அவள் பெயரை அடித்துவிட்டு, பத்திரிகையை ராஜினாமா ஃபைலில் கோர்த்துவிடுவேன். அப்படிச் செய்யச் சொல்லி உத்தரவு ஒன்றும் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் செய்தார், நானும் செய்தேன். கல்யாணத்துக்கு அப்புறம் வருவாயா என்று ஒருத்தியிடமும் கேட்டதில்லை.

ராயப்பன்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஆறு வருசமாக வந்துகொண்டிருந்தாள். ஓடுகிற மிசினில் அறுந்த நூலை மற்றவர்கள் ஒன்று ஒட்டுவதற்குள் அவள் மூன்று ஒட்டிவிடுவாள். புதுப்பிள்ளைகளுக்கு அவள்தான் வேலை பழக்குவாள். அவள் தட்டோடு வந்தபோது மற்ற பெண்கள் கேலி செய்தார்கள்.

"ஏ ஆத்தா, சீரோட சேத்து இந்த மிசினையும் கட்டிக் குடுக்கச் சொல்லுடி!"

"மாப்பிள்ளை மிசின விடச் சத்தம் கம்மியாத்தான் போடுவாரு, போங்கடி" என்றாள் அவள்.

சிரித்துக்கொண்டே எனக்குப் பத்திரிகை வைத்தாள். மாப்பிள்ளை தேவதானப்பட்டி. நான் வாழ்த்தினேன். சாயங்காலம் பெயரை அடித்தேன்.

இருபது நாள் கழித்துக் காலை ஷிப்டுக்கு வந்து நின்றாள். தேவதானப்பட்டிக்கு மில் வேன் கிடையாது. பஸ் மாறி வந்திருக்கிறாள். தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். மிசினில் சிக்கிவிடக் கூடாது என்று புதுத்தாலியைச் சட்டைக்குள் விட்டு ஊக்குப் போட்டிருந்தாள்.

"அவுக சரின்னுட்டாகண்ணே. மாமியாரும் போகச் சொல்லிட்டாக. எந்த மிசினுண்ணே எனக்கு?"

அவள் மிசினில் வேறு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"நீதான் விட்டுட்டியே தாயீ" என்றேன்.

"நான் எப்பண்ணே விடுறேன்னு சொன்னேன்? கல்யாணத்துக்குல்ல கூப்பிட்டேன்!"

மேனேஜரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஃபைலைப் புரட்டிப் பத்திரிகையைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணு வேலைய விடுறேன்னு உம்மகிட்டச் சொல்லுச்சா மேஸ்திரி?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். கேட்காமல் அடித்தது என் தப்பு என்று ஒரு வார்த்தை. சொன்னால், இத்தனை வருசமாக எத்தனை பேரை அப்படி அடித்தாய் என்று அடுத்துக் கேட்பார். என் வேலைக்கே ஆபத்து வந்துவிடும் என்று பயந்தேன்.

"பத்திரிகை வச்சிருச்சு சார்" என்றேன்.

"அப்ப விட்ட மாதிரிதானே. கல்யாணமான பிள்ளைய வச்சுக்கிட்டு நாளைக்கு லீவு, பிரசவம்னு யாரு பாக்குறது? போகச் சொல்லும்."

அவள் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று வாசல் வரைக்கும் பார்த்துக்கொண்டே நடந்தாள். நான் சொல்லவில்லை.

பெரியகுளம் பக்கம் களையெடுக்கப் போகிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவளிடம் வேலை பழகிய பிள்ளைகளும் ஒவ்வொருத்தியாகத் தட்டோடு வந்தார்கள். இனிமேலாவது கேட்க வேண்டும் என்று நினைப்பேன். கேட்டால், அவளிடம் ஏன் கேட்கவில்லை என்று ஆகிவிடுமே. ஒருத்தியிடமும் கேட்கவில்லை. எல்லாப் பத்திரிகையையும் வாங்கினேன்.

கை பழகாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு மிசின் ஓட்ட முடியாமல் திணறினோம். ஒருநாள் கூட்டத்தில் மேனேஜர் கேட்டார்:

"நல்லா வேலை தெரிஞ்ச ஆளு ஒண்ணுகூட ஏன்யா நிக்க மாட்டேங்குது?"

"கல்யாணம் ஆனாப் போயிருதுக சார்" என்றேன்.