பல்பு வாங்கப் பல்லோடு போகிறவள்

"கொஞ்சம் சிரிங்க."

கடைக்காரர் சிரித்தார். இருபது வருடப் பழக்கம். மறுத்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். அம்மா கைப்பையிலிருந்து ஒரு பல்லை எடுத்தாள். எரிகிற பல்புக்குக் கீழே, அவருடைய முன்பல்லுக்குப் பக்கத்தில் அதைப் பிடித்தாள். சுவிட்ச் வாங்க வந்திருந்த ஒருவர் அரையடி பின்வாங்கினார்.

"இது வேண்டாம். பாசி பிடிச்ச மாதிரி இருக்கு."

"பல்பைச் சொல்றீங்களா, என் பல்லைச் சொல்றீங்களா?"

"உங்க பல்லை டாக்டர்கிட்ட காட்டுங்க. இப்ப அடுத்த பல்பைப் போடுங்க."

மகள் தனக்கும் இந்தப் பெண்மணிக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் ஒயர் சுருள்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருவரும் சேர்ந்து கடைக்குப் போன கடைசிச் சனிக்கிழமை அது. அன்றைக்கு அது வெறும் சனிக்கிழமை.

அம்மாவின் தொழில் பல் செய்வது. மருத்துவர் அளவெடுத்து அனுப்புவார். அம்மா லேபில் உட்கார்ந்து, பீங்கான் மாவைக் குழைத்து, சுட்டு, மெருகேற்றி, பக்கத்துப் பல்லோடு சண்டை போடாத நிறத்தில் ஒரு பல்லை அனுப்பிவைப்பாள். பல்லின் வெள்ளையில் பதினாறு வகை உண்டு என்பாள். சிறு காம்பில் பொருத்திய மாதிரிப் பல் ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கும், சீப்புக்கும் சாவிக்கும் நடுவில். முப்பத்தொரு வருடத்தில் நிறம் சேரவில்லை என்று ஒரு பல்கூடத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள். யாராவது கேட்கும்வரை காத்திருப்பாள். கேட்காவிட்டால், பேச்சைத் தானே அந்தப் பக்கம் திருப்புவாள்.

வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு சட்டம். படிக்கும் மேசைக்கு வெள்ளை. சாப்பாட்டு மேசைக்கு மஞ்சள். "சாப்பிடும்போது யாரும் யார் பல்லையும் ஆராய வேண்டாம்." படுக்கையறையில் அதைவிட மங்கல். "அங்க என்ன, ஊசியில நூல் கோக்கப் போறோமா?"

மகள் மின்பொறியாளர். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு தாளில் அட்டவணை போட்டுக் கொடுத்தாள்: எத்தனை வாட், எத்தனை லூமென், எத்தனை கெல்வின், நிறம் காட்டும் திறன் நூற்றுக்கு எவ்வளவு. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள்.

"இதுல பல்லு எந்த வரியில இருக்கு?"

மகள் கடைசி வரியைக் காட்டினாள். "இந்த எண் தொண்ணூறுக்கு மேல இருந்தா நிறம் உள்ளபடி தெரியும்."

"அதைத்தானேடி நான் இத்தனை வருஷமா கையில வெச்சிருக்கேன்?"

மகளின் அலுவலகத்துக்கு ஒரே ஒரு முறை வந்தாள். மேலே விளக்கைப் பார்த்தாள். மேலாளரைப் பார்த்தாள். "உடம்பு சரியில்லையா சார்?" என்றாள். மகள் ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. அடுத்த மாதம் அலுவலகத்தில் விளக்குகளை மாற்றினார்கள்.  அம்மா அன்று முழுக்க சும்மா பாடிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை வாங்கியது மூன்று பல்பு. இரண்டு வீட்டுக்கு. மூன்றாவதன் அட்டைப்பெட்டியில் அம்மா பேனாவால் எழுதினாள்: 'டிரைவர் குளியலறை. வெள்ளிக்கிழமை.'

டிரைவர் என்பவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். முன்வரிசையில் ஒரு பல் அம்மா செய்தது. மருத்துவமனை ஜன்னலோரம் சரியாக இருந்த பல், அவர் வீட்டுக் கண்ணாடியில் தனியாகத் தெரிகிறதாம். "கூட்டத்துல வெளியூர்க்காரன் நிக்கிற மாதிரி நிக்குதும்மா. பேத்தி சிரிக்கிறா." அன்றிலிருந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டே பேசுகிறார். வேறு பல் செய்து தர வேண்டும் என்கிறார்.

"பல்லுல குறையில்லை. அந்தாள் வீட்டு பல்புலதான் குறை. நானே போய் மாட்டிக் காட்டறேன் பாரு" என்றாள் அம்மா.

செவ்வாய்க்கிழமை காலை லேபுக்குக் கிளம்பியவள், ஒரு காலைச் செருப்பில் நுழைத்தாள். மறுகாலை நுழைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் லேப் முதலாளி தொலைபேசியில் தயங்கித் தயங்கிப் பேசினார். "அந்த டிரைவர் பல்லைத் திருப்பி எடுத்துக்கச் சொல்றாரும்மா. வேற ஆளை வெச்சு செஞ்சு கொடுத்துடலாமா?"

"திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்க சார்" என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டியோடு போனாள். டிரைவர் வாயைப் பொத்தியபடி கதவைத் திறந்தார். "அம்மா ரொம்ப நல்லவங்க" என்று விரல்களுக்கு நடுவிலிருந்து சொன்னார். "ஆனா இந்தப் பல்லு..."

குளியலறையில் பச்சை ஓடிய மலிவு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. மகள் அதை அணைத்து, ஆறவிட்டு, கழற்றினாள். புதியதை மாட்டி சுவிட்சைப் போட்டாள். அவரைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாள். அவர் கையை எடுக்கவில்லை.

"கொஞ்சம் சிரிங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது.

கை மெல்ல இறங்கியது. மகள் பார்த்தாள். பக்கவாட்டில் தலையைச் சாய்த்தும் பார்த்தாள்.

"இதுல அம்மா செஞ்சது எதுங்க?"

"இதோ, இது" என்று விரலை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார். கண்ணாடியை நெருங்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நாக்கால் தேடத் தொடங்கினார்.