கோடையில் வாங்கலாம்

எங்கள் ஊர் லேத்திகோஸ்கியில் மெர்யா பிஹ்லவாவைத் தெரியாதவர்கள் இல்லை. அவளோடு பேசுகிறவர்களும் இல்லை. கடையில் அவளைப் பார்த்தால் பால் அடுக்கியிருக்கும் பக்கம் திரும்பி, தேதி பார்ப்பது போல நின்றுகொள்வார்கள். அதை வெறுப்பு என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் வெறுப்பதற்குக்கூட அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

பல வருஷம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, போன வசந்தத்தில் நான் திரும்பி வந்தபோதும் அவள் அதே அடுக்குமாடிக் கட்டடத்தில்தான் இருந்தாள். நாங்கள் மூன்றாவது மாடி, அவள் முதல் மாடி. என் அம்மா ரைலியும் அவளும் ஒரு காலத்தில் உயிர்த் தோழிகள்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரே செல்போன் தொழிற்சாலையை வைத்துத்தான் பிழைத்தது. அம்மா அங்கே கடைசிப் பரிசோதனை மேஜையில் வேலை பார்த்தாள். மெர்யா ஊர்ப் பத்திரிகையில் இருந்தாள். நகரசபைக் கூட்டம், பள்ளிப் பையன்களின் ஐஸ் ஹாக்கி எல்லாவற்றையும் எழுதுவாள். புதிதாக வரும் போன்களைப் பயன்படுத்திப் பார்த்து மதிப்பெண் போடுவதும் அவள்தான். எங்கள் ஊரில் மரண அறிவிப்புகளுக்கு முன்னால் படிக்கப்பட்டது அந்தப் பத்திதான்.

நான் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்த குளிர்காலத்தில் அந்த போன் வந்தது. விரலால் தொட்டால் வேலை செய்யும் பெரிய திரை. பாட்டு, வீடியோ, வரைபடம், இணையம் எல்லாம் அதிலேயே. திரையை மேலே தள்ளினால் அடியிலிருந்து முழு விசைப்பலகை வெளியே வரும். அமெரிக்காக்காரன் வெறும் கண்ணாடியை விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. "அவன்கிட்ட கண்ணாடி இருக்கு, நம்மகிட்ட கண்ணாடியும் இருக்கு பட்டனும் இருக்கு" என்று தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் பேசிக்கொண்டார்களாம். இது ஓடினால் ஊர் ஓடும். ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

விற்பனைக்கு முன்பே ஒரு போன் மெர்யாவின் கைக்கு வந்தது. அவள் முறையே தனி. தன் பழைய போனை அலுவலக மேஜையில் வைத்துப் பூட்டிவிடுவாள். பரிசோதிக்கும் காலம் முழுவதும் புதியதை மட்டுமே வைத்துக்கொண்டு வாழ்வாள். நகரசபைச் செய்தியைக் கட்டைவிரல்களாலேயே அதன் விசைகளில் அடித்து அனுப்பினாள். விசைகள் அவளுக்குப் பிடித்துப்போயின. ஒவ்வொன்றும் அழுத்தியதை விரலுக்குச் சொன்னது என்றாள். ஹாக்கியை வீடியோ எடுத்தாள். பேருந்து நிறுத்தத்தில் கம்பளிக் கையுறையோடு நின்று திரையை அழுத்திப் பார்த்தாள். கையுறையோடும் வேலை செய்தது. கண்ணாடி போன்களால் அது முடியாது. அதற்கே ஒரு நட்சத்திரம் கூடப் போட வேண்டும் என்று நினைத்தாளாம்.

புதன்கிழமை ஹாக்கி மைதானத்திலிருந்து வெளியே வந்து, கடுங்குளிரில் போனைத் திறந்தாள். விசைப்பலகை படுக்கையாக வந்தது. திரையில் படம் மட்டும் அதற்கேற்பத் திரும்பாமல் நின்ற நிலையிலேயே நின்றது. மூடித் திறந்தாள். மறுபடியும் மூடித் திறந்தாள். எரிச்சலில் கட்டைவிரலை இடது மூலையில் ஊன்றினாள். படம் சட்டென்று திரும்பியது. அன்று மாலை முழுக்கப் பனியில் நின்று அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். வியாழக்கிழமை எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமைப் பத்திரிகையில் வர வேண்டும்.

நடுவில் வெள்ளிக்கிழமை இருந்தது.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சவுனா, உடுப்பைக் களைந்துவிட்டு உட்காரும் நீராவிக் குளியல் அறை. வெள்ளிக்கிழமை ஆறு மணி முறை அம்மாவுடையது, மெர்யாவுடையது, காய்சுவுடையது. காய்சுவும் தொழிற்சாலைக்காரிதான், வாய் கொஞ்சம் நீளம். மூன்று பேரும் மேல்பலகையில் உட்கார்ந்ததும் காய்சு அகப்பையைக் கையில் எடுத்தாள்.

"சொல்லுடி மெர்யா, எத்தனை நட்சத்திரம்?"

"நாளைக்குப் பேப்பர் வரும். பாத்துக்கோ."

"கேட்டியா ரைலி? நம்ம கையால செஞ்சதைப் பத்தி நமக்கே சொல்ல மாட்டாளாம்." ஒரு அகப்பைத் தண்ணீர் சூட்டுக்கற்கள் மேல் விழுந்தது. ஆவி எழுந்து காதைச் சுட்டது. "இப்ப?"

"ம்ஹூம்."

இன்னொரு அகப்பை. "இப்ப?"

"போதும் காய்சு, நாமளும்தான் சேந்து வேகுறோம்" என்றாள் அம்மா.

"வெந்தா வேகட்டும். இவ வாய் திறக்கணும்."

"நாளை வரைக்கும் நான் மரக்கட்டை" என்றாள் மெர்யா.

"கட்டையா? அப்ப அடுப்புலயே சொருகிடலாம்."

மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் அம்மா சொன்னாள். வாரம் முழுக்க மேஜையில் நின்ற களைப்பு, சூடு, பக்கத்தில் தோழிகள்.

"நல்ல போன்தான்டி. குளிர்லதான் மக்கர் பண்ணுது. தொறந்தா படம் திரும்ப மாட்டேங்குது. இடது மூலையில ஒரு அழுத்து அழுத்தினா திரும்பிடும். நாங்க எல்லாரும் அப்படி அழுத்தித்தான் டப்பாவுல போடுறோம். மேல சொன்னோம். அப்புறம் பாத்துக்கலாம்னுட்டாங்க."

"என் மாமனார் மாதிரி" என்றாள் காய்சு. "விறைச்சுப்போய் நிப்பார். இடது தோள்ல ஒண்ணு வச்சாத்தான் திரும்புவார்."

மெர்யா சிரிக்கவில்லை. வாளியிலிருந்து தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். அச்சாகும் முன் எதையும் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது அவள் விரதம். ஒருத்தியிடம் சொன்னால் விடிவதற்குள் ஊரே ஆசிரியர் வீட்டு வாசலில் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் எதுவும் பேசவில்லை. வீட்டுக்குப் போய், அச்சகத்தைக் கூப்பிட்டு அந்த இடது மூலை வரியை மட்டும் எடுக்கச் சொல்லலாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். 'அது நான் கண்டுபிடித்தது, நான் ஏன் எடுக்க வேண்டும்' என்று அவளுக்குத் தோன்றியதாம். கூப்பிடவில்லை.

சனிக்கிழமை வந்தது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். விசைகளைப் புகழ்ந்திருந்தாள், கையுறையைப் புகழ்ந்திருந்தாள். பிறகு, குளிரில் உள்ளே ஏதோ விறைத்துக்கொள்கிறது, இடது மூலையை அழுத்தினால் சரியாகிறது என்று எழுதியிருந்தாள். கடைசி வரி: "இந்த போனை வாங்கலாம், கோடையில்."

பனி உருகவே மே மாதம் ஆகும் நாட்டில் அந்த வரி எவ்வளவு தூரம் போகும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. ஹெல்சிங்கிப் பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. வானொலியில் சொல்லிச் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் எல்லோரும் கேட்டது அந்த வரியைப் பற்றி அல்ல. இடது மூலை பத்திரிகைக்காரிக்கு எப்படித் தெரிந்தது என்றுதான். பரிசோதனை மேஜைக்கு மட்டுமே தெரிந்த விஷயம். மேஜைக்காரிகளில் மெர்யா இருக்கும் கட்டடத்தில் குடியிருப்பவள் ஒருத்திதான். அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"இது வெளிய எப்படிப் போச்சு, ரைலி?"

"நான் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"மெர்யாகிட்ட. சவுனாவுல."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாராலும் எதையும் நிரூபித்திருக்க முடியாது. ஆனால் சொன்னதைச் சொல்லவில்லை என்று சொல்ல அம்மாவுக்கு வராது. அன்றே அவளை மேஜையிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் பிரிவில் போட்டார்கள். இலையுதிர் காலத்தில் ஆட்குறைப்பு வந்தபோது முதலில் போனவள் அம்மா.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மெர்யா துண்டோடு கீழே போனாள். கற்கள் சூடாகித் தயாராக இருந்தன. மேல்பலகையில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வெள்ளியும் அப்படியே. காய்சு செவ்வாய் முறைக்கு மாற்றி எழுதிக்கொண்டாள். அம்மா சவுனாவுக்குப் போவதையே விட்டுவிட்டாள். எங்கள் ஊரில் ஒருத்தி சவுனாவை விடுவது என்றால் ஊரையே விட்டுவிட்ட மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்யா எங்கள் கதவைத் தட்டினாள். நான் சமையலறையில் இருந்தேன். காபி அப்போதுதான் இறங்கியிருந்தது. வாசனை படிக்கட்டு வரைக்கும் போயிருக்கும்.

"ரைலி, உன் பேச்சை வச்சு நான் எழுதல. புதன்கிழமையே எனக்குத் தெரியும். வியாழக்கிழமையே எழுதிக் குடுத்துட்டேன். ஆசிரியரை வேணா கேளு."

அம்மா கதவைப் பிடித்தபடி நின்றாள். "சரி" என்றாள்.

"நம்பு ரைலி."

"சரின்னுதானே சொன்னேன்."

உள்ளே வா என்று சொல்லவில்லை. காபி குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. மெர்யா இறங்கிப் போனாள். அம்மா வந்து தனக்கும் எனக்கும் காபி ஊற்றினாள்.

அந்த போன் ஓடவில்லை. அதற்குப் பின் வந்தவையும் ஓடவில்லை. சில வருஷத்தில் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். மெர்யா சரியாகத்தான் சொன்னாள் என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. அவள் எழுதாமல் இருந்திருந்தால் ஓடியிருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. பத்திரிகையில் அவளைக் கடைசி வரை வைத்திருந்தார்கள், மரண அறிவிப்புகளைத் திருத்த.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள்: ஹாக்கி மைதானம், பனி, கட்டைவிரல், வெள்ளிக்கிழமை இரவு கூப்பிடாமல் விட்டது. "உங்கம்மா இன்னைக்கு வரைக்கும் நம்பல" என்றாள். குரலில் கோபம் இல்லை. இத்தனை வருஷமாக அந்த ஒன்றைத்தான் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

மேலே வந்து அம்மாவிடம் சொன்னேன். "அவ சொல்றது நிஜம்தான்மா. நான் நம்புறேன்."

அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "நானும்தான்."

"என்ன?"

"அங்க பலகையில உக்காந்திருக்கும்போதே தெரியும். நான் சொன்னப்ப அவ முகத்துல ஆச்சரியமே இல்ல. ஏற்கெனவே கண்டுபிடிச்சுட்டான்னு அப்பவே புரிஞ்சுது."

"அப்புறம் ஏம்மா?"

"ஒரு வார்த்தை. 'எனக்குத் தெரியும் ரைலி, விடு'ன்னு ஒரு வார்த்தை. நான் ஆபீசுல போய், அவளே கண்டுபிடிச்சான்னு சொல்லிருப்பேன். வேலைல இருந்திருப்பேன். அவ வாயால சொல்லாததை நானா எப்படிச் சொல்றது?" கத்தியைக் கீழே வைத்தாள். "நானும் காய்சுவும் அங்க அம்மணமா உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம். அவ அம்மணமா உக்காந்து வேலை பாத்துக்கிட்டிருந்தா."

இதை நான் மெர்யாவிடம் போய்ச் சொல்லவில்லை. ரைலி நம்பவில்லை என்றே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். அதையாவது அவளால் தாங்க முடிகிறது.